சி.ஏ. தேயர் மாதிரிக் கப்பல்: மேல்தளத்தில் மரம் ஏற்றியாயிற்று

கப்பலின் உடற்கூடு முடிந்து பெயின்ட்டும் காய்ந்துவிட்டது. பாய்மரம் நடுவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது: தேயரை எந்த ஆண்டில் காட்டுவது?

கேள்வி சின்னதில்லை. 1895இல் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில் ஹான்ஸ் பெண்டிக்சன் கட்டிய மூன்று பாய்மர ஸ்கூனர் வகைக் கப்பல் இது. 1912 வரை வாஷிங்டன் மாநிலத்தின் கிரேஸ் ஹார்பரில் இருந்த ஈ.கே. வுட் கம்பெனியின் மர அறுவை மில்லிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மரம் சுமந்தது. அப்புறம் அலாஸ்காவில் சால்மன், 1925 முதல் பெரிங் கடலில் காட் மீன். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் பாய்மரங்களைக் கழற்றிவிட்டு வெடிமருந்து ஏற்றும் பார்ஜாக, அதாவது வெறும் சரக்குத் தோணியாக வைத்துக்கொண்டது. போர் முடிந்ததும் மறுபடி பாய்மரம், மறுபடி காட். கடைசிப் பயணம் 1950இல். இப்போது சான் பிரான்சிஸ்கோவின் ஹைட் தெருத் துறையில் அருங்காட்சியகக் கப்பல்.

காட் காலத்தை எடுத்தால் தளம் நிறையக் குட்டிப் படகுகளை அடுக்கலாம், பார்க்க அழகு. நான் மரக் காலத்தையே எடுத்தேன். இந்தக் கப்பலின் வடிவத்தை முடிவு செய்ததே மரம்தான். அகலத்தையே பாருங்களேன்: உடலின் நீளம் 156 அடி, அகலம் 36 அடி. மரம் இறக்கிவிட்டு வெறுமனே வடக்கே திரும்பும்போது, கப்பலின் அடியில் கல், மணல் என்று அடிப்பாரம் போடாமலே சாயாமல் நிற்க அந்த அகலம் வேண்டும்.

என் அளவுகோல் 1:96, அதாவது நிஜத்தின் ஓர் அடி மேசையில் எட்டில் ஓர் அங்குலம். தேயர் ஏற்றியது 5,75,000 போர்டு அடி மரம். ஓரடிச் சதுரம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகை ஒரு போர்டு அடி. சரக்கில் பாதி உள்ளே போகும், மீதி மேல்தளத்தில் பத்தடி உயரத்துக்கு ஏறும். கணக்குப் போட்டால் மேல்தள அடுக்கு மட்டும் சுமார் 24,000 கன அடி. எனக்கு அது 11 செ.மீ. அகலம், 22 செ.மீ. நீளம், 3.2 செ.மீ. உயரம். இவ்வளவையும் தனித்தனிப் பலகையாக அடுக்கினால் ஆயுசு போதாது. உள்ளே லேசான ஒட்டுப்பலகைப் பெட்டி, வெளியே தெரியும் பக்கங்களில் மட்டும் வெனீர் கீற்றுகள். கீற்றுகளை ஒட்டும் முன் தண்ணியான டீ டிகாஷனில் முக்கி எடுத்தேன். புதிதாய் அறுத்த டக்ளஸ் ஃபர் மரத்தின் இளஞ்சிவப்புச் சாயல் கிட்டத்தட்ட வந்துவிட்டது. முனைகள் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் சில மில்லிமீட்டர் முன்பின்னாக விட்டேன். அடுக்கைக் கட்டிப்போடும் சங்கிலிக்குக் கவரிங் கடையில் கிடைத்த மெல்லிய செயின்.

அடுக்கை வைத்த பிறகு மற்றதெல்லாம் தானாகவே விளங்குகிறது. பாயின் கீழ் விளிம்பைத் தாங்கும் பூம் கட்டை ஏன் அவ்வளவு மேலே இருக்கிறது? பத்தடி மரத்தின் மேல் நடமாடும் ஆளின் தலைக்கும் மேலே அது போக வேண்டும். தளத்தில் வேறெங்கும் இடமில்லை, மாலுமிகள் வேலை செய்தது அந்தப் பலகைகளின் மேலேதான். மொத்தமே எட்டு ஒன்பது பேர்: கேப்டன், அவருக்கு அடுத்த அதிகாரிகளான இரண்டு மேட், சமையல்காரர், நான்கைந்து மாலுமிகள். முக்கால் அங்குலத்தில் களிமண் ஆட்கள் செய்து மேலே நிறுத்தினேன். ஒருவரை மட்டும் உட்கார வைத்திருக்கிறேன், காரணம் கேட்காதீர்கள்.

பொம்மை செய்யும் நேரத்தில் இந்த ஆட்களைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கரையோர மாலுமிகளின் சங்கம் 1885 மார்ச் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபோல்சம் தெருத் துறையில், மரக்குவியலுக்கு நடுவே நடந்த கூட்டத்தில்தான் பிறந்தது. கூலிக் குறைப்பு அதற்கு உடனடிக் காரணம். 1891இல் நீராவிக் கப்பல் மாலுமிகளும் சேர, அது பசிபிக் மாலுமிகள் சங்கம் ஆயிற்று. அதை நெடுங்காலம் நடத்திய ஆண்ட்ரூ ஃபுருசெத் நார்வேக்காரர்.

தேயர் கட்டப்பட்ட அதே 1895இல், அராகோ என்ற கப்பலின் மாலுமிகள் சிலர் ஆஸ்டோரியா துறைமுகத்தில் வேலையை விட்டு இறங்கினார்கள். பிடித்துச் சிறையில் வைத்து, கப்பல் புறப்படும்போது விருப்பத்துக்கு மாறாக ஏற்றினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் 13ஆம் சட்டத் திருத்தம் மாலுமியின் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று 1897இல் தீர்ப்பு. நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். வேலையை விட்டுப் போன மாலுமியைச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை முழுவதுமாக ஒழித்தது 1915ஆம் ஆண்டின் மாலுமிகள் சட்டம். ஃபுருசெத் ஆண்டுக்கணக்கில் தலைநகர் வாஷிங்டனில் அலைந்து வாங்கியது. ஆனால் அமெரிக்கக் கரையோரப் பயணங்களுக்கு மட்டும் அந்தச் சிறைத் தண்டனையை 1895இன் மக்வயர் சட்டமே நீக்கிவிட்டிருந்தது. ஆக, கரையோரம் மரம் சுமந்த என் களிமண் ஆட்கள், பாதியில் இறங்கிப் போனாலும் அதற்காகச் சிறைக்குப் போக வேண்டியிராதவர்கள்.

அடுத்தது பாய்மரம். மூன்றும் மூங்கிலில், உப்புத்தாளால் தேய்த்து மேலே போகப் போக மெலிய வைக்க வேண்டும். கயிறுகளுக்குத் தையல் நூலையே தேன்மெழுகில் இழுத்து வைத்திருக்கிறேன். பாய்களை விரிப்பதா, சுருட்டிக் கட்டுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. விரித்தால் இத்தனை பாடுபட்ட மர அடுக்கு பாதி மறைந்துவிடும்.