இடது குதிகால்

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு

சிஸ்டர்களோடு தங்கி ஒரு வருஷம் சேவை செய்ய வந்து சேர்ந்தாயிற்று. ஜன்னலோரக் கட்டில். அலமாரியில் ஒரு தட்டுதான் எனக்கு. கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் பெட்டியிலேயே கிடக்கிறது, பெட்டி கட்டிலுக்கு அடியில்.

செப்டம்பர் 2, திங்கள்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சிஸ்டர் எங்கள் நாலு பேரையும் வட்டமாக உட்காரவைத்தார். நடுவில் ஒரு மெழுகுவத்தி. "ஏன் வந்தீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க, அவசரமே இல்ல."

முதல் பெண்ணுக்கு அவள் பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஒரு சிஸ்டர் மேல் பிரியமாம். அடுத்தவள் படிப்பு முடிந்து வேலையில் சேருவதற்குள் ஒரு வருஷத்தைக் கடவுளுக்குக் கொடுக்கிறாளாம். மூன்றாமவள் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். அது எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

நான், "ஆண்டவர் கூப்பிட்டார்னு தோணுச்சு" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் தடவையும் பரீட்சையில் போய்விட்டது. அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். கோயில் நோட்டீஸ் போர்டில் இந்த ஒரு வருஷச் சேவைக்கு ஆள் கேட்டு ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, கடைசித் தேதிக்கு ஒருநாள்தான் பாக்கி. அவ்வளவுதான் என் அழைப்பு.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஐந்து மணிக்கு ஐந்து அலாரம். எல்லாம் ஒருத்தியுடையது. அவளைத் தவிர நாங்கள் மூணு பேரும் எழுந்துவிட்டோம். இனி அவள் பெயர் அலாரம்.

செப்டம்பர் 5, வியாழன்

முதியோர் பகுதியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த பெரியம்மா நடக்கமாட்டார், பேச்சும் அநேகமாக இல்லை. சாப்பாடு ஊட்டுவது என்றால் வாயில் வைத்தால் போயிற்று என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். தாடை கொஞ்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அரைக் கரண்டிக்கு மேல் கூடாது. தொண்டையில் அந்த மேடு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். முடிந்ததும் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது, புரை ஏறினால் நெஞ்சுக்குள் போய்விடும்.

இன்றைக்கு ஒரு கிண்ணம் முடிக்க ஐம்பது நிமிஷம். நடுவில் கரண்டி விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றார். என்னையே பார்த்தார். இரண்டு பேரும் கரண்டியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. பிறகு அவரே விட்டார். சிரித்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

இரவுச் செபத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் பைபிளிலிருந்து ஒரு திருப்பாடல் உண்டு. வெள்ளிக்கிழமைக்கு 88. மற்ற புலம்பல் பாட்டெல்லாம் அழுது அழுது கடைசியில் எப்படியாவது புகழ்ச்சிக்கு வந்துவிடும். இது வராது. எபிரேய மூலத்தில் கடைசி வார்த்தையே இருட்டுதான் என்றார் சிஸ்டர். அப்படியே புத்தகத்தை மூடி விளக்கை அணைத்தோம்.

எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

இன்னும் 356 நாள்.

செப்டம்பர் 12, வியாழன்

எளிமையாக வாழ்வது என்றால் குறைவாகச் செலவு செய்வது என்று நினைத்து வந்தவள் நான். உண்மையில் அது ஒரு பொது நோட்டுப் புத்தகம். கைச்செலவுக்குத் தருவதில் ஒரு பங்கை நாலு பேரும் ஒரே டப்பாவில் போடுகிறோம். சோப்பு வாங்கினாலும் நோட்டில் எழுத வேண்டும். கணக்கு (இன்னொருத்திக்கு நான் வைத்த பெயர்) நேற்று நான் வாங்கிய ஷாம்புவைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறாள். ஷாம்பு தேவையா ஆடம்பரமா என்று முக்கால் மணி நேரம் பேசினோம். நோயாளிகளைப் பற்றிக்கூட இவ்வளவு பேசியதில்லை.

வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடலாம். இங்கே சாத்தினால் உள்ளேயும் ஒருத்தி இருக்கிறாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அப்பாதான் போனை எடுத்தார். "அம்மா தூங்குறாம்மா." மணி சாயங்காலம் ஏழு.

செப்டம்பர் 18, புதன்

இன்று முதல் ராத்திரி டியூட்டி. முதியோர் பகுதியில் வேலை செய்கிற அக்காவோடு. ஃபிளாஸ்க் நிறைய டீ.

செப்டம்பர் 19, வியாழன்

தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

எழுதிவிட்டால் பாரம் குறையுமா பார்ப்போம்.

எழுந்திருக்க முடியாதவர்களை இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் ஓடாது, தோல் செத்துப் புண்ணாகிவிடும். கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கும். நேரம், எந்தப் பக்கம், திருப்பியவர் கையெழுத்து. அக்கா எதிர் அறையைப் பார்த்துக்கொண்டாள், பெரியம்மா என் பொறுப்பு. பன்னிரண்டுக்கு மல்லாக்கப் படுக்கவைத்தோம். இரண்டுக்கு இடது பக்கம் திருப்ப வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பத்து நினைவிருக்கிறது. விழித்தபோது நாலு.

பரபரவென்று திருப்பினேன். பிறகு அட்டையில் "2.00, இடது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே "4.00, வலது." கை நடுங்கக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

காலையில் குளிப்பாட்டும்போது இடது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசளவு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை. முதல் கட்டப் புண் என்றால் அதுதான். நிறம் எடுபடாத தோலில் சூட்டையும் கெட்டியையும் தொட்டுத்தான் கண்டுபிடிக்கணும் என்று பயிற்சியில் சொன்னார்கள். தொட்டேன். சுட்டது. என் விரல்தான் சில்லென்று இருந்ததோ என்னவோ.

அட்டை சரியாக இருக்கிறதே, அப்படியென்றால் திருப்பும்போது காலைத் தூக்காமல் இழுத்திருக்கிறார்கள், உரசலில் வந்தது என்று முடிவு கட்டினார்கள். அக்காவுக்குத் திட்டு. அவள் பதினோரு வருஷமாக இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவள். எனக்கு இது ஒரு வருஷம், முடிந்ததும் சான்றிதழ் கொடுப்பார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதப் போனேன். பொய்.

இன்று வெள்ளி. 88. நான் வாயை மட்டும் அசைத்தேன்.

செப்டம்பர் 21, சனி

காலை, மதியம், சாயங்காலம் மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை பெரியம்மா காலை இழுத்துக்கொண்டார். வலிக்கிறது என்றால் உணர்ச்சி இருக்கிறது, நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு மட்டமான ஆறுதல்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பூசைக்குப் பிறகு சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஆண்டவர் கூப்பிட்டதையெல்லாம் இழுக்கவில்லை. தூங்கியதும் எழுதியதும் மட்டும்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. "எத்தனை மணிலருந்து எத்தனை மணி வரைக்கும்?" என்றார். நேராகக் கட்டிலுக்குக் கூட்டிப்போனார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். தலையணைக்கும் குதிகாலுக்கும் நடுவே என் கையை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். நுழைந்தது.

பிறகு அட்டை. நான் புதுசு எழுதுகிறேன் என்றேன். கூடாதாம். வெள்ளை மையும் பூசக் கூடாது. தப்பாக எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு, அதுவும் கீழே இருப்பது படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் இன்றைய தேதி, சரியான விவரம், என் கையெழுத்து. "2.00, இடது" கோட்டுக்கு அடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வருகிற போகிற டாக்டர் எல்லாரும் படிப்பார்கள்.

அக்காவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். அவள் டியூட்டி நாளை மறுநாள்தான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சொன்னேன். "சரி" என்றாள். துணி மடித்துக்கொண்டே. அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 27, வெள்ளி

வின்சென்ட் தெ பவுல் திருநாள். சிஸ்டர் மறையுரை மாதிரி இல்லாமல் கதையாகச் சொன்னார். வின்சென்டும் லூயிஸ் தெ மரில்லாக்கும் 1633-ல் பாரிஸில் அன்பின் புதல்வியர் என்ற சிஸ்டர்கள் சபையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கிராமத்துப் பெண் வந்து சேர்ந்துவிட்டாளாம். மார்கரீத் நாசோ. மாடு மேய்த்தவள். ஒரு அரிச்சுவடி வாங்கி, வழியில் போகிறவர்களை நிறுத்தி "இது என்ன எழுத்து?" என்று கேட்டுக் கேட்டே படிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நோயாளிகளைப் பார்க்கப் போனாள். கொள்ளைநோய் வந்த ஒருத்தியைத் தன் கட்டிலிலேயே படுக்கவைத்துக்கொண்டு, அதே நோயில் அதே 1633-ல் செத்துப்போனாள். சபை தொடங்கியது அதற்குப் பிறகுதான், நவம்பரில்.

அவளை யாராவது வட்டத்தில் உட்காரவைத்து ஏன் வந்தாய் என்று கேட்டார்களா, தெரியாது. மாட்டை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். அந்தச் சபைச் சிஸ்டர்கள் சாகும்வரைக்குமாக வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, கொடுப்பதில்லையாம். ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு மார்ச் 25-ம் தேதியும், கபிரியேல் மரியாளுக்குச் செய்தி சொன்ன திருநாளன்று, திரும்ப எடுக்கிறார்கள். நாற்பது வருஷம் இருந்தவருக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷம்தான்.

கணக்கு உடனே, "அப்ப நாமளும் அவங்களும் ஒண்ணுதானே சிஸ்டர்?" என்றாள். சிஸ்டர் சிரித்தார். "கேளு, மார்ச் 24-ம் தேதி ராத்திரி கேளு."

ஒரு வருஷம் என்றால் தப்பித்துப் போகிற கதவு என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு வருஷா வருஷம் கதவு திறக்கிறது, திறந்திருக்கும்போதே உள்ளே இருந்துவிடுகிறார்கள். யோசிக்க யோசிக்க எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

அழுத்தினால் வெளுக்கிறது.

அக்டோபர் 2, புதன்

ராத்திரி டியூட்டி. அக்கா இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கதவருகில் வந்து நின்றாள். நான் முழித்துத்தான் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை, விரிப்போடு சேர்த்துத் தூக்கு, இழுக்காதே என்று செய்தே காட்டினாள். பெரியம்மா தூக்கத்திலேயே என் வளையல் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா போன பிறகும் விடவில்லை. கையெழுத்தை இடது கையால் போட்டேன், கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

அலாரம் போய்விட்டாள். மதியம் அவள் அண்ணன் வந்தான். முதல் நாள் வட்டத்தில் அழுதவள் அவள்தான். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, அலமாரித் தட்டை மட்டும் துடைத்து வைத்திருக்கிறாள். கணக்கு, பொது நோட்டில் அலாரத்தின் பங்கைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தபோது பைசா சுத்தமாக எழுதிவிட்டு, சமையலறையில் போய் நின்று அழுதாள்.

அலாரம் பொய் சொல்லவில்லை, போய்விட்டாள். நான் சொன்னேன், இருக்கிறேன். இதை எப்படிக் கூட்டிக் கழிப்பது?

88. இன்று சத்தமாகவே சொன்னேன்.

அக்டோபர் 5, சனி

ஐந்து மணிக்கு அலாரம் இல்லை. மூன்று பேரும் தூங்கிப்போய்விட்டோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

போனில் அப்பாவிடம் குதிகாலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், அட்டை உட்பட. அவர் ரொம்ப நேரம் "ம்" கொட்டினார். பின்னாலிருந்து அம்மா குரல்: "தலையணையை எங்க வைக்கணும்னு கேளுங்க." அப்பா கேட்டார். கெண்டைக்காலுக்கு அடியில் என்றேன். அப்பா அதை அவளிடம் சொன்னார். அவள் போனை வாங்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

நாளைக்கு ராத்திரி மறுபடி வட்டமாம். மெழுகுவத்தி வாங்கிவரும் முறை என்னுடையது. நோட்டில் எழுத வேண்டும்.