ஆயிரம் ரூபாய் வராத நான்கு மாதம்: முதலாண்டு அலைச்சல்

கல்லூரி அட்மிஷன், சான்றிதழ் சரிபார்ப்பு, ஃபீஸ் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் இழுத்தடித்தது உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டம், மாதம் 1,000 ரூபாய். வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் இந்த ஆயிரத்தில்தான் ஓடுகிறது.

கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "யுமிஸ்ல ஏத்தியாச்சு, பேங்க்ல போய்க் கேளு." (யுமிஸ் என்பது கல்லூரி மாணவர் விவரங்களை ஏற்றும் அரசுத் தளம்.) பேங்கில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, காலேஜ்ல கேளு." இப்படியே மூன்று நாள் வகுப்பு போனது. இரண்டு பேரும் சொன்னது பொய்யில்லை. ஆனால் சிக்கல் எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை.

கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வரவேண்டும் என்று, வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் ஏற்றுவது இன்னொன்று. பின்னதற்குத்தான் சீடிங் என்று பெயர். உதவித்தொகை நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான். கடைசியாக எந்தக் கணக்கைச் சீடிங் செய்தார்களோ அதற்குத்தான் பணம் போகும். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காக ஒரு கணக்கு, கல்லூரி சேரும்போது இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் புதிய பாஸ்புக்கை மட்டும் என்ட்ரி போட்டுப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

இதை எந்தக் கவுன்டரிலும் கேட்க வேண்டாம். மை ஆதார் தளத்தில் நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்ற சொல்லும் தெரிய வேண்டும். வேறு வங்கியின் பெயர் வந்தால், வேண்டிய வங்கிக்குப் போய் "ஆதார் சீடிங் ஃபார்ம், டி.பி.டி.க்கு" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது. "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று சொன்னால் மறுபடியும் பழைய பதில்தான் வரும். தளத்தில் நுழைய ஓ.டி.பி. வேண்டும். ஆதாரில் அப்பாவின் பழைய, இப்போது உயிரில்லாத நம்பர் இருந்தால், முதலில் அந்த மொபைல் எண்ணை மாற்றியாக வேண்டும்.

இன்னொரு பொறி 18 வயது. பள்ளிக் காலத்தில் அம்மாவைக் காப்பாளராகப் போட்டுத் திறந்த கணக்கு, 18 முடிந்ததும் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது. போட்டோ, புதிய மாதிரிக் கையெழுத்து, ஆதார், பான் கார்டு, பான் இல்லாவிட்டால் படிவம் 60 கொடுத்து மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். பலருக்கு அந்தப் பிறந்தநாள் முதலாண்டின் நடுவில்தான் வருகிறது. இரண்டு வருடம் எந்த வரவு செலவும் இல்லாமல் கிடக்கும் கணக்கும் முடங்கிவிடும். அதைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெயரும் அப்படித்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அவசரப்பட்டு ஒன்றை வீணாக்காமல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து வரும்படி ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். டி.சி.யைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

வகுப்பில் பெரிய அடி அட்டெண்டன்ஸ். சென்னைப் பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம். செமஸ்டருக்கு 90 நாள் என்றால் 22 நாள் லீவு வரை தாங்கும், 23ஆவது நாள் விழுந்தால் 74.4. 65 முதல் 75க்குள் இருந்தால் கண்டனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம், கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வு கிடையாது. தன்னாட்சிக் கல்லூரியில் கணக்கு வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். எண்ணூர், மீஞ்சூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தினசரிப் போராட்டம். கும்மிடிப்பூண்டி தடத்தில் தாம்பரம் தடம்போல் அடுத்தடுத்து வண்டி கிடையாது. ஒன்றை விட்டால் முதல் பீரியட் போய்விடும், பல இடங்களில் அதற்கு அரை நாளே கழித்துவிடுகிறார்கள். வழக்கமான வண்டிக்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள். அதே வண்டியில் 'ரூட்டு' என்று கூட்டம் சேர்க்கும் சீனியர்கள் கூப்பிட்டால் பெட்டி மாறி ஏறுங்கள். அந்தக் கூட்டத்தின் தகராறில் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் பாஸ்போர்ட்டிலும் அரசு வேலையிலும் வந்து நிற்கும்.

சீசன் டிக்கெட்டுக்கும் ஒரு நாள் வீண். சலுகைப் படிவத்தில் கையெழுத்து இருந்தது, கல்லூரி முத்திரை இல்லை. வரிசையில் நின்று கவுன்டர் வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டாம் வகுப்பு சீசன் மாணவருக்குப் பாதிக் கட்டணம், பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை மாத சீசன் இலவசம். இலவசம் என்பது தெரியாமல் பணம் கட்டிப் போகும் பெண்களைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. விம்கோ நகர், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை மூன்றுக்கும் மின்சார ரயில், மெட்ரோ இரண்டிலும் நிலையம் உண்டு. சீசன் மெட்ரோவில் செல்லாது.

கடைசியாக மதிப்பெண். இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. இன்டர்னலில் 22 வாங்கி எழுத்தில் 28 எடுத்தால் கூட்டுத்தொகை 50, தேர்ச்சிக்கு வேண்டியது 40. இருந்தும் அரியர்தான். எழுத்தில் மட்டும் தனியாக 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னல் தெம்பில் கடைசி யூனிட்டை விட்டவர்கள்தான் முதல் ரிசல்ட்டில் மாட்டினார்கள். ஒரே அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே உட்கார முடியாதவர்களுக்குக் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற படிப்பிடம் இருக்கிறது. தேர்வு மாதத்தில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்னாலேயே பதிவு செய்துவிட்டுப் போங்கள்.