சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு விளையாட்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது பி.டி. சாரின் நெடுநாள் ஆசை. புனேயில் கிரிக்கெட்டுக்கென்றே ஒன்று இருக்கிறது. ரயில், தங்குமிடம் என்று கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிட்டது. "சரி, நம்ம சேலம் மாவட்டத்தையே மியூசியமா வச்சுக்குவோம்" என்றார். துணைக்குப் போன அம்மாக்களில் நானும் ஒருத்தி.

பஸ் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். சார் சும்மா இருக்கவில்லை. டேப் பிடித்துப் பள்ளிச் சுவரில் 1.89 மீட்டர் உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு தாண்டித் தங்கம் வாங்கிய உயரம். சார் தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது. பையன்கள் எம்பி எம்பித் தொட்டார்கள். "தொட்டா போதாதுடா, உடம்பே அதுக்கு மேல போகணும். அதுவும் அஞ்சு வயசுல வலது கால் மேல பஸ் ஏறி நசுங்கின மனுஷன்" என்றார் சார். அப்புறம் யாரும் குதிக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் மாரியப்பனின் ஊரான பெரியவடகம்பட்டி. அங்கே கண்ணாடிப் பெட்டியும் கிடையாது, பதக்கமும் கிடையாது. சாதாரணக் கிராமம். தட்டுவடை செட்டைக் கடித்துக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்: "ரியோல 1.89, டோக்கியோல 1.86, பாரிஸ்ல 1.85. குறைஞ்சுக்கிட்டே போகுதே சார்?" தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கமும் அப்படித்தான் இறங்கியது. சார் சிரித்தார். "எட்டு வருஷம்மா. மூணு தடவையும் மேடை ஏறியிருக்காரே, அதைப் பாரு."

ஓமலூர் வழியாகத் திரும்பித் தாரமங்கலம் கோயிலில் இருபது நிமிடம். பிறகு சின்னப்பம்பட்டி, கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் ஊர். ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சிக்குப் பந்து போடவென்று தேர்வானவர், 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள், டி20 இரண்டிலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். சொந்த ஊரில் அவர் அமைத்த மைதானம் 2023இல் திறக்கப்பட்டது.

நடராஜன் போடும் யார்க்கர், அதாவது மட்டை பிடிப்பவரின் காலடியில் விழும் பந்து, எப்படி இருக்கும் என்று காட்ட, சாலையோரப் பொட்டலில் ஒரு செருப்பை வைத்து டென்னிஸ் பந்து போடச் சொன்னார் சார். முப்பது பந்தில் இரண்டுதான் பட்டது. செருப்பு என்னுடையது.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போனேன். மழையில் சாக்பீஸ் கோடு அழிந்திருந்தது. அதே இடத்தில் யாரோ நீலப் பெயின்டால் கோடு போட்டிருந்தார்கள். சந்தேகம் வந்து டேப் வைத்துப் பார்த்தேன்: 1.92. சாரிடம் நான் சொல்லவில்லை.