எட்டாம் நாள் மோர்

மயிலாப்பூர் கற்பகாம்பாள் கருணையால், அம்மாவுக்காக வேண்டிக்கொண்டதை இந்தப் பங்குனியில் செலுத்திவிட்டோம். ஊருக்குத் திரும்பி நாலு நாள் ஆகியும் மனசு இன்னும் வடக்கு மாட வீதியிலேயே நிற்கிறது. போன வருஷத்திலிருந்து சொன்னால்தான் இது புரியும்.

போன பங்குனியில் அம்மா ஐ.சி.யூ.வில் இருந்தாள். நுரையீரலில் தொற்று, வாயில் குழாய், பேச்சில்லை. வெளியே இரும்பு நாற்காலியில் நானும் அண்ணனும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது என்று அண்ணன் போனில் காட்டினான். மூணாம் நாள் காலையில் அதிகார நந்தி, அஞ்சாம் நாள் ராத்திரி ரிஷபம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூன்று நாயன்மார்களும் சுவாமியோடு வீதி வருகிற அறுபத்துமூவர். சின்ன வயதில் அம்மா எங்களுக்கு விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது, பள்ளிக்கூட வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே இதுதான் மனப்பாடம். அந்த எட்டாம் நாள் மத்தியானம் டாக்டர் வந்து, இன்னும் இரண்டு நாள் போகட்டும், எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மணி இரண்டே முக்கால். கபாலி புறப்படுகிற நேரம். எனக்கு சஷ்டி கவசம் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. சாம்பலும் எலும்புமாய்க் குடத்தில் இருந்த பெண்ணைப் பார்த்து, இந்த ஊர்த் திருவிழாவை எல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று சம்பந்தர் கேட்டாரே, அந்த ‘காணாதே போதியோ பூம்பாவாய்’ மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு விழாவைச் சொல்லி ஒரே கேள்வியைக் கேட்பார், பங்குனி உத்திரமும் அதில் ஒன்று. நானும் கேட்டேன். அப்புறம் கபாலியிடம் சொன்னேன்: இவளை விட்டுவிடு, அடுத்த வருஷம் எட்டாம் நாள் இவள் கையாலேயே உன் வீதியில் மோர் ஊற்ற வைக்கிறேன்.

ஏன் மோர் என்றால், அது எங்கள் சந்தின் வழக்கம். வடக்கு மாட வீதியிலிருந்து உள்ளே போகிற சின்னச் சந்து அது. அம்மா பிறந்ததும் அங்கேதான், எங்களைப் பெற்றதும் அங்கேதான். நீளமான ஓட்டு வீடு, ஏழு குடித்தனம், ஒரே கிணறு. அறுபத்துமூவர் என்றால் ஏழு வீட்டு அடுப்பும் மத்தியானம் அணைந்துவிடும், எல்லோரும் சந்து முனையில் போட்ட கீற்றுப் பந்தலில்தான். ஒரு வீட்டில் பால், ஒரு வீட்டில் உப்பும் பெருங்காயமும், இன்னொரு வீட்டில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள், யாரும் எழுதி வைத்ததில்லை. பாட்டியின் பித்தளை அண்டாவில் கலப்பார்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் கையைக் குவித்துக் குடிப்பார்கள். பிறகு வீட்டுக்காரர் இடத்தை விற்றார், அடுக்குமாடி வந்தது, ஆளுக்கொரு திசையாகப் போனோம், நாங்கள் அம்பத்தூருக்கு. அண்டாவை மட்டும் அம்மா விடவில்லை. இருபத்தைந்து வருஷமாக அது எங்கள் மாடிப்படிக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது.

பழைய குடித்தனங்களில் ஒரே ஒரு அத்தை மட்டும் அதே இடத்தில், அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவருக்குப் போன் செய்து, வேண்டுதல் இப்படி, ஆனால் எங்களுக்கு அங்கே இப்போது வாசல் இல்லையே அத்தை என்றேன். "பைத்தியமா நீ, வாசல் யாருதுன்னு கபாலி பட்டா கேட்டானா? முன்னாடி நாளே வந்துடுங்க, பாலுக்கு நான் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

ஏழாம் நாள் சாயங்காலம் போனோம். லஸ் பக்கம் ஆட்டோ அதற்கு மேல் போகாது என்று நிறுத்திவிட்டார்கள். பேசியதற்கு மேல் நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இறக்கிவிட்டார் அந்த ஆட்டோக்காரர். அண்ணன் தோளில் அண்டா, நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு. பத்து அடி நடந்தால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், மூச்சு வாங்குகிறது. அதோடு அவள் முதலில் கோலவிழி அம்மனைப் பார்க்க வேண்டும் என்றாள். விழாவே அந்தக் கிராம தேவதையிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது, நாம் மட்டும் சொல்லாமல் அண்டாவை இறக்குவதா என்று கேட்டால் நான் என்ன சொல்வது. இருந்தும் இருட்டிவிட்டது, அவ்வளவு தூரம் அவளால் முடியாது. கடைசியில் அண்ணன் மட்டும் போய் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் குங்குமம் வாங்கி வந்தான். அதை இட்டுக்கொண்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

நாற்பது லிட்டர் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினோம். பங்குனி வெயிலில் விடிவதற்குள் புளித்துவிடுமே என்று எனக்குக் கவலை. அம்மா பாத்திரங்களை ஈரத் துணியால் சுற்றித் தரையில் வைக்கச் சொன்னாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தொட்டுப் பார்த்தாள். படுக்கையில் கிடந்து ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாத கை அது. அந்தக் கை தயிர்ப் பாத்திரத்தைத் தொடுவதை இருட்டில் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். தூங்கவில்லை.

காலையில் குளக்கரையில், சம்பந்தர் பாடிப் பூம்பாவையை உயிரோடு எழுப்பியதை நடத்திக் காட்டுகிற வைபவம். அம்மாவை நாற்காலியோடு கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. போகிற வழியில் ஒரு ஆள் கூடவே நடந்து வந்து, ஐந்நூறு கொடுங்க, முன்வரிசையில் உட்கார வைக்கிறேன், அப்படியே உள்ளே ஸ்பெஷலாகத் தரிசனமும் முடித்துத் தருகிறேன் என்று விடாமல் பேசிக்கொண்டே வந்தார். வயதானவர்களைப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள், நோயாளியை அழைத்து வந்தவர்களின் பதற்றத்தைக் காசாக்குகிறார்கள், இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அம்மா நின்று, மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "தம்பி, நான் இந்தக் குளத்துப் படியில நடை பழகினவ. நீ போ." அவர் போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்தது பின்வரிசைதான். சம்பந்தரின் பல்லக்கின் மேல்பாகம் தெரிந்தது, ஓதுவாரின் குரல் தெளிவாகக் கேட்டது. ‘போதியோ’ என்ற சொல் வந்தபோது நான் அம்மாவின் முதுகில் கை வைத்துக்கொண்டேன். போன வருஷம் இந்தப் பாட்டு எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

பதினொன்றரைக்கு மோர் ஊற்ற ஆரம்பித்தோம். ஒன்றுக்கு மூன்று தண்ணீர் என்பது பாட்டி கணக்கு. காகிதக் கப் வேண்டாம், குப்பை சேரும் என்று அத்தை ஐம்பது எவர்சில்வர் டம்ளரும் கழுவ இரண்டு வாளியும் எடுத்து வைத்திருந்தார். எல்லோரும் தூக்கித்தான் குடிக்கிறார்கள். மாட வீதி முழுக்க இதே காட்சிதான்: ஒரு வாசலில் பானகம், ஒரு கடையில் புளியோதரைப் பொட்டலம், மாடியிலிருந்து சுண்டல், லாரியில் தண்ணீர் கேன், நடுநடுவே சொப்புச் சாமான், வளையல், பீப்பீ விற்கிறவர்கள். அடுக்குமாடியில் புதிதாக வந்தவர்கள், அத்தைக்கே பேர் தெரியாதவர்கள், எங்களைக் கேட்காமலே டம்ளர் கழுவ உட்கார்ந்துவிட்டார்கள். மேல்தளத்து ஹிந்திக்காரப் பெண் ஒருத்தி கொத்தமல்லி நறுக்கிக் கொண்டுவந்து கொட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள், அப்புறம் ராத்திரி வரை போகவில்லை. அம்மா முதல் நூறு டம்ளர் தன் கையால் ஊற்றினாள். நூறு எண்ணியது நான். அதற்கு மேல் அண்ணன் கரண்டியைப் பிடுங்கிவிட்டான்.

எங்கள் பழைய வீட்டைப் பற்றி அம்மா கொஞ்சம் கலங்கினாள், கிணறு இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. அத்தைதான் சொன்னார்: "சாமியே கடலோரத்துல இருந்து இங்க குடிவந்தவர்தானே. பழைய கோயில் போர்ச்சுகீசியர் காலத்துல போச்சு, அதுக்காகத் திருவிழா நின்னுச்சா? நீ அம்பத்தூருக்குத்தான் போயிருக்க, அதுக்கு ஏன் அழற." அதற்குப் பிறகு அம்மா அந்தக் காரைப் பார்க்கவில்லை.

சுவாமி கிழக்கே புறப்பட்டு, தெற்கும் மேற்கும் சுற்றிவிட்டுத்தான் வடக்கு மாட வீதிக்கு வருவார். அதற்குள் இருட்டிவிட்டது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தள்ளுமுள்ளு பழகியதுதான், ஆனால் எல்லோரும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர்கள் எதைப் பார்ப்பது? சங்கு கேட்டது, எக்காளம் கேட்டது, வெள்ளி விமானத்தின் பளபளப்பு மட்டும் போன்களுக்கு மேலே நகர்ந்தது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஒரு வருஷம் காத்திருந்து, இவ்வளவு பக்கத்தில் வந்து, தெரியாமல் போய்விடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை திடீரென்று கத்தினார்: "முன்னாடி இருக்கறவங்க உட்காருங்கம்மா, பின்னாடி உடம்பு முடியாதவங்க இருக்காங்க!" ஒருவர் திரும்பிப் பார்த்தார், உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் உட்கார்ந்தார். பிறகு பத்துப் பதினைந்து பேர், தார் ரோட்டில், பட்டுப்புடவையோடு, குழந்தையை மடியில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, சுவாமியைத் தோளில் சுமக்கிற ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்ற நின்றார்கள். எங்களுக்கு நேரே நின்றார்கள். கபாலி அங்கே இருந்தான். மாலைகளுக்கு நடுவே முகம், பக்கத்தில் என் தாய் கற்பகம், அவ்வளவு வெளிச்சம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அரை நிமிஷம் இருக்கலாம். அம்மா கும்பிடவில்லை. கையில் யாருக்கோ கொடுக்க வைத்திருந்த மோர் டம்ளர் அப்படியே இருந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பார்த்துட்டேன்பா, பார்த்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான். நான் அழுததில் மோரில் உப்பு கூடியிருக்கும் என்று அண்ணன் மறுநாள் சொன்னான், அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

அதற்குப் பிறகு எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று எனக்கு வரிசையே இல்லை. முண்டகக்கண்ணி அம்மன் வந்தாள், வள்ளுவரும் வாசுகியும் வந்தார்கள், கைகூப்பிய நாயன்மார்கள் பல்லக்குப் பல்லக்காகப் போய்க்கொண்டே இருந்தார்கள். அம்மா ஒவ்வொரு பல்லக்கிலும் வாயிலாரைத் தேடினாள். இந்த ஊரில் பிறந்தவர், மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பிட்டவர். குழாயோடு படுத்திருந்த நாட்களில் அவள் உள்ளுக்குள் எந்த வீதியில் இருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "எதுல இருக்கார்னு தெரியலைடி" என்று சொல்லிவிட்டு, எல்லாப் பல்லக்குக்கும் ஒவ்வொரு கும்பிடு போட்டாள். உன் கருணைக்கு நான் என்ன செய்வேன் கபாலி, என்னிடம் என்ன இருக்கிறது.

கூட்டம் கலைந்தபோது மணி பத்து தாண்டிவிட்டது. வீதி முழுக்கக் காகிதத் தட்டும் கப்பும். மாநகராட்சிப் பெண்கள் நீள விளக்குமாறோடு ஒரு முனையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சுவாமியை நின்று பார்த்திருப்பார்கள் தெரியாது. அண்டாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. அம்மா எழுந்து, இந்த முறை யார் கையையும் பிடிக்காமல், சாய்த்துச் சாய்த்து அவர்களுக்கு ஊற்றினாள். எட்டு டம்ளர் வந்தது.

அண்ணன் ஆட்டோவுக்குப் போன் எடுத்தான். "நாளைக்குச் சாமி பிட்சாடனரா வர்றாரு, நான் எங்கடா வர்றது" என்று அம்மா அத்தை வீட்டுக்குள் போய்ப் பாயை விரித்துவிட்டாள். பத்தாம் நாள் திருக்கல்யாணமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். அண்டாவை அத்தை வீட்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.