கரி அடுப்புக் கோழிக்கு வடவப் பொடி

முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை கரி போட்டுக் கோழி சுடுகிறோம். மசாலாவை வீட்டிலேயே செய்யலாம் என்று முதலில் இறங்கியபோது அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்து நாட்டுச் சர்க்கரையை நான்கு ஸ்பூன் அள்ளிப் போட்டேன், பத்து நிமிஷத்தில் தொடையெல்லாம் தார் பூசினது மாதிரி கறுத்துவிட்டது, பிய்த்துப் பார்த்தால் எலும்போரம் இன்னும் ரத்தம். என் பெண் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

அந்தக் குறிப்பு எழுதியவர்களுடைய அடுப்பே வேறு. மூடி போட்டு 110, 120 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கிறார்கள், அந்தச் சூட்டில் சர்க்கரை கருகாது, மெல்ல நிறம்தான் ஏறும். நாம் தணலுக்கு நேர் மேலே கம்பி வலையை வைத்துச் சுடுகிறோம், அங்கே சூடு 200 டிகிரியை எளிதாகத் தாண்டும்.

சரி, சர்க்கரை வேண்டாம் என்று முடிவு செய்து வடவத்தை எடுத்தேன். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி உருட்டிக் காயவைப்போமே, அதே தாளிப்பு வடவம்தான். அம்மா திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வருஷா வருஷம் ஒரு டப்பா கொடுத்துவிடுவார். பிரெஞ்சுச் சமையலில் 'வதுவான்' என்று ஒரு மசாலா இருக்கிறது, அது நம் புதுச்சேரி வடவம் போய்ச் சேர்ந்ததுதான். காய்ந்த வெங்காயத்தின் இனிப்பும் பூண்டு மணமும் கோழித்தோலில் ஏறும்போது வருகிற வாசனைக்கு எந்தக் கடைப் பொடியும் ஈடில்லை, இதை நான் மனசார நம்புகிறேன்.

ஒரு கிலோ கோழிக்கு எலுமிச்சை அளவில் ஒரு உருண்டை போதும். அதை உதிர்த்து, இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சின்னத் தீயில், கையில் எடுத்தால் சலசலக்கும்வரை வறுத்து ஆறவிடுங்கள். தனியா இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, நீட்டு மிளகாய் எட்டு, இவற்றைத் தனித்தனியாக வறுத்து முதலில் மிக்ஸியில் ரவை பதத்துக்குப் பொடித்துவிட்டு, வடவத்தைக் கடைசியில் போட்டு இரண்டே சுற்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் விளக்கெண்ணெய் கக்கி ஜாரின் அடியில் அடைபோல் ஒட்டிக்கொள்ளும். பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தால் கடுகு கறுப்புப் புள்ளியாகவும் வெங்காயம் பழுப்புச் செதிலாகவும் தெரிய வேண்டும். மாவாகிவிட்டால் தணலில் சீக்கிரம் கசந்துபோகும்.

உப்பைப் பொடியில் கலக்க மாட்டேன். முதல் நாள் ராத்திரியே கிலோவுக்கு 12 கிராம் கல் உப்பைப் பொடித்துத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். முதலில் நீர் விடும், அப்புறம் அதே நீர் உப்போடு கறிக்குள் இறங்கிவிடும், காலையில் தோல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பொடியில் பாதியை மட்டும் அழுத்தித் தடவுங்கள்.

சவுக்குக் கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, கோழியைத் தணல் இல்லாத பக்கம் வைத்து மூடி போட்டால் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். எலும்போரம் 74 டிகிரி காட்டியதும் மீதிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, தணல் மேல் பக்கத்துக்கு ஒரு நிமிஷம் காட்டி எடுத்துவிடுங்கள்.

வஞ்சிரத்துக்கும் இதே பொடிதான், உப்பு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறக்கூடாது, சதை இறுகிவிடும்.