ஆச்சி 'அசதி' என்றால் எங்கிருந்து தொடங்குவது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சர்க்கரைக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள் 'அசதி' என்ற சொல்லுக்குக் காது கொடுக்கப் பழக வேண்டும். 'மனசு சரியில்லை' என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் வளவைத் தாண்டி நடமாட்டமில்லாத ஆச்சியைக் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, அசதியா இருக்கு" என்பார்கள். அதற்குள் இதயமும் ஒளிந்திருக்கலாம், ரத்தமும் இருக்கலாம், மனமும் இருக்கலாம்.

இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு பழுதாகிவிடுவதால் மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம். திடீரென்று மூச்சு வாங்குவது, வேர்த்துக் கொட்டுவது, குமட்டல், நேற்று ஏறிய படியை இன்று ஏற முடியாமல் போவது என்றால் வாய்வு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே 108. அவசரம் இல்லாவிட்டாலும் ஒரு ஈசிஜி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனநல மாத்திரை தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12-ம் பார்க்க வேண்டும். அது குறைந்தாலும் அசதி, மறதி, கால் எரிச்சல் வரும்.

அடுத்து பிஎச்க்யூ-9, மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், கடந்த 2 வாரங்களைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ம் அதற்கு மேலும் என்றால் டாக்டர் விரிவாகப் பேசியாக வேண்டும். இங்கே சறுக்குவது இரண்டு இடத்தில். தூக்கம், பசி, அசதி மூன்றும் சர்க்கரையாலேயே கெடும். ராத்திரி நாலு முறை எழுந்து போகிறவருக்குத் தூக்கம் எங்கே வரும்? அதனால் மொத்தத்தைவிட முதல் இரண்டு கேள்விகளை, ஆர்வம் விட்டுப்போனதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பதை, கூர்ந்து கேளுங்கள். கேள்வியை அப்படியே வாசித்தால் தலையாட்டுவார்கள். "கோயிலுக்குப் போய் எத்தனை நாளாச்சு?" என்றால் பதில் வரும். இரண்டாவது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மருமகள் முந்திக்கொண்டு பதில் சொல்வது. அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லலாம், தப்பில்லை.

ஒன்பதாவது கேள்வி சாவு நினைப்பைப் பற்றியது. கூச்சப்பட்டுத் தாண்டாதீர்கள். அதில் 1 விழுந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்; இன்சுலினும் மாத்திரையும் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது இதயத்தைக் கெடுப்பதற்கு மன அழுத்த ஹார்மோன், அழற்சி என்று காரணங்கள் உண்டு. ஆனால் வீட்டிலேயே தெரிவது மாத்திரை அட்டைதான். 30 வாங்கி ஒரு மாதம் ஆனபிறகு எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். பிரஷர் மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்தான் முதலில் விடுபடும், பிறகு நடை, பிறகு சமைக்க மனமில்லாமல் ராத்திரிச் சாப்பாடே சீப்புச்சீடையும் காப்பியும்.

இதய நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரைகளில் செர்ட்ரலினைப் பெரும்பாலும் டாக்டர்கள் தேர்ந்தெடுப்பார்கள். குணம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், குமட்டலோ முதல் வாரமே வரும். பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ கூட இருந்தால் ரத்தக்கசிவு கூடலாம். மலம் கறுத்துப் போனால் உடனே சொல்லுங்கள். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள் முதல் மாதம் வீட்டில் அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும். இந்த மாத்திரை சேரும்போது 70-க்குக் கீழே இறங்கலாம். கால் எரிச்சலுக்கு எழுதித் தந்த அமிட்ரிப்டிலின் பழைய பையில் கிடந்தால் இதய டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். மாரடைப்பு வந்தவருக்கு அது ஆகாது.

சர்க்கரைக்கு ஒரு ஃபைல், இதயத்துக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று மூன்று இருக்கும். ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. எல்லா மாத்திரையும் அளவோடு ஒரே தாளில் எழுதி மூன்றின் மேலும் ஒட்டுங்கள். மனம் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் மனச்சோர்வு மாத்திரை தொடரும். பேத்தி கல்யாணத்தில் ஆச்சி சிரித்தபடி நிற்பதைப் பார்த்து "இனி எதுக்கு?" என்று சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.