ஹெலன்ஸ்பர்க் பெருமாளும் அத்தையின் ஒரு ரூபாயும்

அத்தை முடிந்து வைத்த காசு ஏழு வருடமாக எங்கள் பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குப் பின்னால் இருந்தது. மஞ்சளில் நனைத்த துணி, உள்ளே ஒரு ரூபாய், நாலைந்து மணி அட்சதை. இவருக்கு பைபாஸ் நடந்த அன்று விடியற்காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு முடிந்தார். "பெருமாளே, இவனை எழுப்பி உட்கார வை. புரட்டாசி சனிக்கிழமை உன் வாசலுக்கு வந்து சேர்த்துடறேன்." இவர் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த புரட்டாசிக்கு அத்தை இல்லை.

அதற்கப்புறம் நாலு முறை திருப்பதிக்குக் கிளம்பினோம். ஒரு முறை தீட்டு, ஒரு முறை ஊரடங்கு, ஒரு முறை இவருக்கே காய்ச்சல், கடைசி முறை மழையில் ரயில் ரத்து. கடன் வளர்ந்துகொண்டே போகிறது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் மனசு குத்தும். இந்த வருடம் சிட்னியில் இருக்கும் என் கல்லூரித் தோழி டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். வந்து மூன்று வாரம் இருக்க வேண்டும் என்று உத்தரவு. கணக்குப் பார்த்தால் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை நான் அங்கே. எங்கள் தெருக் கோயில் பட்டாச்சாரியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "முடியறப்போ அம்மா திருமலைன்னு சொன்னாளா?" என்றார். "பெருமாளேன்னுதான் சொன்னாங்க." "அப்புறம் என்ன? அங்கே இருக்கறவர் வேற யாரோவா?"

சிட்னி விமான நிலையத்தில் முதல் சோதனை. தானியம், விதை எது இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிடு, மறைத்தால் அபராதம் என்று மகன் மிரட்டி அனுப்பியிருந்தான். எழுதிக் கொடுத்தேன். கையுறை போட்ட ஒரு சின்னப் பெண் முடிச்சை அவிழ்த்தாள். அத்தை போட்ட முடிச்சு, ஏழு வருடம் யாரும் தொடாதது. அட்சதையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, காசையும் துணியையும் திருப்பித் தந்தாள். அதிர்ஷ்டத்துக்கா என்று கேட்டாள். தலையாட்டி வைத்தேன், வேறு எப்படிச் சொல்வது? அங்கேயே நின்று மறுபடி முடிந்தேன். அத்தையின் முடிச்சு மாதிரி இறுகவில்லை.

ஊர் சுற்றியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபரா ஹவுஸ் படத்தில் பார்ப்பதுபோல் வெள்ளை வெளேர் என்று இல்லை, கிட்டப் போனால் ஓடுகள் பாலாடை நிறம். 10 லட்சத்துக்கும் மேல் பதித்திருக்கிறார்களாம். சர்க்குலர் கீயில் படகுக்குப் போகும் வழியெல்லாம் திமிங்கலம் காட்டுகிறேன், தள்ளுபடி தருகிறேன் என்று சீட்டை நீட்டிக்கொண்டு ஆட்கள். நம் ஊர்த் தரகர்களுக்கு எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை, 'தேங்க்யூ' சொல்கிறார்கள், அவ்வளவுதான். மேன்லி படகில் காற்று வாங்கினோம். கட்டூம்பாவுக்குப் போய் மூன்று சகோதரிகள் பாறையைப் பார்க்க ஒரு மணி நேரம் நின்றோம். மூடுபனி விலகவே இல்லை. "திரை போட்டுட்டாங்கடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் தெரிந்தது. நாளைக்குப் பெருமாள் கோயில் என்று சொல்லி மஞ்சள் முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் ஒண்ணு முடிஞ்சேன்டி, ரெண்டு டாலர்" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. பதினோரு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்து கீழே இறங்கினால், பார்க்கிங் மெஷினுக்குச் சில்லறை போதவில்லை. முடிச்சை அவிழ்த்து அந்தக் காசைப் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாளாம். "அதோட சரி. பெருமாளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல." வீட்டுக்குக் கிட்டத்திலேயே மேஸ் ஹில் முருகன் இருக்கிறார். அங்கேயும் போவதில்லை.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் காசுக்குப் பலன் கிடைத்தது. அதே மாதிரி முடிந்த அவள் காசுக்கு? நன்றி சொல்லப் போகிறேன் என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது? ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றேன். "உளறாதே. கொண்டு போய் விடறேன், ஆனா உள்ளே வரமாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் தூறல். வெஸ்ட்மீட் பக்கத்திலிருந்து ஹெலன்ஸ்பர்க் ஒரு மணி நேரப் பாதை. அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை, பள்ளி லீவு வேறு, சிட்னியே தெற்கே கிளம்பிவிட்டது. ஊரை விட்டு வெளியே வந்ததும் ராயல் தேசியப் பூங்காவின் காடு தொடங்கிவிடுகிறது. 1879-லேயே ஒதுக்கி வைத்த காடு. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்தைத் தாண்டி ஈட்டி மாதிரி ஒரு தண்டு, அதன் உச்சியில் ரத்தச் சிவப்பாகக் கைக்கு அடங்காத ஒரு பூங்கொத்து. கைமியா லில்லியாம். பெருமாள் வீதிக்கு வரும்போது தீவட்டி பிடித்து நிற்கும் வரிசைதான் எனக்கு ஞாபகம் வந்தது. நமக்குப் புரட்டாசி, அவர்களுக்கு வசந்தம்.

ஹெலன்ஸ்பர்க் நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். இந்தக் காட்டு மேட்டில், 1985-ல் கும்பாபிஷேகம் கண்ட வேங்கடேசுவரர். மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம் தெரிந்ததும் என்னை அறியாமல் "கோவிந்தா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் வைப்பரைப் போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

கார் நிறுத்த இடமே இல்லை. சாலையோரப் புல் வரைக்கும் கார்கள். "நீ இறங்கு, நான் எங்கேயாவது போட்டுட்டு அதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கேன்" என்று வாசலில் இறக்கிவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கல்லில் கால் வைத்ததும் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறியது. பூக்காரி இல்லை, செருப்பு டோக்கன் இல்லை, 'சீக்கிரமா சேவிக்கலாம் வாங்கம்மா' என்று கையைப் பிடிப்பவர் இல்லை. ஆனால் கூட்டம் நம் கூட்டம்தான், சந்தேகமே வேண்டாம். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் எப்படியோ எனக்கு முன்னால் இருந்தார். ஒரு அம்மாள் இடம் பிடித்துவிட்டு ஏழு பேரை உள்ளே இழுத்துக்கொண்டார். சன்னிதிக்கு நேராக நின்று கைப்பேசியில் யாருக்கோ பெருமாளைக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர், தான் சேவிக்காமலே. சந்திரமௌலீசுவரரையும் திரிபுரசுந்தரியையும் சேவித்துவிட்டு வந்தவர்கள் எதிரே வர, நாங்கள் இந்தப் பக்கம் போக, நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழ, எனக்குத் திருச்சியை விட்டு வந்த மாதிரியே இல்லை.

உள்ளே போய்ச் சேரவும் திரை போடவும் சரியாக இருந்தது. தளிகை, பெருமாள் அமுது செய்யும் நேரம். சரி, நிற்போம் என்று இடுப்பில் கை வைத்தால் முடிச்சு இல்லை. கைப்பை காரில் கிடக்கிறது. கைப்பேசியும் அதற்குள். ஏழு வருடம், ஐந்தாவது முயற்சி, கடல் கடந்து வந்தாகிவிட்டது, இப்போது முப்பது அடி தூரத்தில் பெருமாள், காசு காரில்! வெளியே போனால் இந்த இடம் போய்விடும். கார் எங்கே நிற்கிறது என்றும் தெரியாது. அழுகை வந்துவிட்டது. அத்தை, நான் என்ன பண்ணட்டும் என்று நின்றேன். உள்ளே மணிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அப்போது யாரோ முதுகில் தட்டினார்கள். திரும்பினால் அவள். தலையெல்லாம் மழை, வெறுங்கால். கையில் மஞ்சள் முடிச்சு. "பையை விட்டுட்டுப் போயிட்டியேடி, அறிவிருக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொல்லி முடிக்கவில்லை, திரை விலகியது.

நான் பார்த்ததைச் சொல்லத் தெரியவில்லை. கற்பூர ஆரத்தியில் முதலில் பாதங்கள், அப்புறம் அபய ஹஸ்தம், துளசி மாலை, கடைசியில் திருமண். திருமலையில் ஜருகண்டியில் இழுத்துவிடுவார்கள். இங்கே யாரும் தள்ளவில்லை. இவர் பெயர், பிள்ளைகள் பெயர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. "எழுப்பி உட்கார வெச்சியேப்பா" என்று ஒரே வாக்கியம், அது மட்டும் திரும்பத் திரும்ப. பக்கத்தில் அவள் கைகூப்பவில்லை. இரண்டு கையாலும் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டைக்காரனைப் பார்க்கிற பார்வை. நான் அவளைப் பார்ப்பதா பெருமாளைப் பார்ப்பதா? தீர்த்தம் வந்தது. அவளும் கையை நீட்டினாள். சடாரி வைக்கும்போது தலையைக் குனிந்தாள். குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

உண்டியல் வாயில் முடிச்சு நுழையவில்லை. என் கை நடுங்கியதைப் பார்த்து அவளே அவிழ்த்தாள். நான் போட்ட முடிச்சுதானே, உடனே வந்துவிட்டது. "டாலர் உண்டியல்ல ஒரு ரூபாய். எண்றவங்க முழிக்கப் போறாங்க" என்றாள். பிறகு, "நான் போடட்டுமா?" என்று கேட்டாள். அத்தையின் காசு அவள் கையிலிருந்து விழுந்தது. கடன் தீர்ந்தது பெருமாளே. என் மறதியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டாயே, உனக்கு என்ன கைம்மாறு செய்வேன்! அவளுடைய இரண்டு டாலருக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை. அவளை உன் வாசல் வரைக்கும் வரவழைத்தாய், அன்றைக்கு எனக்கு அது போதும்.

கேன்டீனில் இன்னொரு வரிசை. தோசைக்கு நின்றவர்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், பழகியவர்கள்போல் சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நாங்கள் புளியோதரையைக் கட்டி வாங்கிக்கொண்டோம். கார் புல் மேட்டில் பாதி ஏறி ஏடாகூடமாக நின்றது. அவள் முதலில் கண்ணாடியில் அபராதச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

பால்ட் ஹில் கிட்டத்தில்தான். மலை விளிம்பில் நின்றால் கீழே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் 1894-ல் பெட்டிப் பட்டங்களைக் கோத்துக் கட்டி, இந்தக் காற்றிலேயே 16 அடி உயரம் எழும்பினாராம். பழைய 20 டாலர் நோட்டில் அவர் படம் இருந்ததாக அவள் சொன்னாள். அன்றைக்குப் பறக்க யாரும் வரவில்லை, தூறல் விடவில்லை. காருக்குள் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். நல்லெண்ணெய் வாசனை. மூன்று வருடமாகப் புரட்டாசியில் வீட்டில் கலக்கவில்லை என்றாள்.

"பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. பார்த்துட்டு வந்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

அங்கிருந்து சீ கிளிஃப் பாலம். பாறை சரிந்து சரிந்து பழைய சாலையை மூட வேண்டி வந்ததால், மலையை விட்டு விலகிக் கடல்மேலேயே 665 மீட்டருக்கு வளைத்துக் கட்டி, 2005-ல் திறந்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் அவள் மடியில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்தாள். புளியோதரை எண்ணெய் ஒரு மூலையில் பட்டிருந்தது. "இது உனக்கு வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். நாலாக மடித்து, பார்க்கிங்குக்குச் சில்லறை போட்டு வைத்திருக்கும் பெட்டியில், காசுகளுக்கு மேலே வைத்து மூடினாள். அப்புறம் வண்டியை எடுத்தாள்.